வாழைக்குட்டியோடு வரும் நட்டம்

இடம்பெயர்ந்து அலைந்த குடும்பம் ஒன்று மீண்டும் ஒரு காணியில் குடியேறும்போது, பற்றை வெட்டி, கிணறு இறைத்துத் துப்புரவு செய்தபின் முதலில் நடுவது பெரும்பாலும் வாழையைத்தான். தென்னை காய்க்க ஐந்தாறு ஆண்டுகள் பார்த்திருக்க வேண்டும். மாவும் பலாவும் அப்படியே. பனையை நட்டவன் பலனை அவன் பிள்ளைதான் காண்பான். வாழை ஏறக்குறைய ஓர் ஆண்டில் குலை தரும். அதற்கு முன்பே இலை தரும். குலை வெட்டும் நாளில் பொத்தியும் தண்டும் கறிக்கு உதவும். தாய்மரம் விழும்போது அடுத்த குலைக்குரிய குட்டி பக்கத்தில் நிமிர்ந்து நிற்கும். கையில் முதல் இல்லாத குடும்பத்துக்கு இதைவிட நம்பிக்கையான பயிர் அரிது.

இந்தக் குட்டி எங்கிருந்து வருகிறது என்பதை நாம் அதிகம் யோசிப்பதில்லை. மன்னார் மக்கள் பட்ட அலைச்சலை எண்ணிப் பாருங்கள். 1990ஆம் ஆண்டு வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் ஒதுங்கின. கடல் கடந்தவர்கள் தமிழகத்தின் மண்டபம் முகாமுக்குச் சென்றார்கள். எத்தனையோ குடும்பங்கள் மடுவில் ஆண்டுக்கணக்காகத் தங்கின. 2007ஆம் ஆண்டு தொடக்கம் 2009 வரை மேலும் பல குடும்பங்கள் வன்னியூடாக ஓடி, இறுதியில் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் அடைபட்டன. அம்முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. திரும்பி வந்தவர்களின் வளவில் பழைய வாழை நின்றிருக்கவில்லை. ஆகவே இனத்தவர் வீட்டிலிருந்தும், சந்தையிலிருந்தும், உதவி நிறுவனங்களின் லொறியிலிருந்தும் குட்டிகள் வந்தன. புதிதாகக் காணி திருத்தும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இன்றும் அப்படியே வருகின்றன. குட்டி கொடுப்பது நல்ல மனதின் அடையாளம். ஆனால் அந்தக் குட்டியோடு, கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் தெரியாமல், ஒரு நோயும் கூட வரலாம்.

அதுதான் முடிக்கொத்து நோய். தாவரநூலார் வாழையை மரமென்று ஏற்பதில்லை, பூண்டு என்பார்கள். நமக்கு அது வாழைமரமே. உலகில் வாழைமரத்துக்கு வரும் நோய்களுள் மிகக் கொடியவற்றில் ஒன்று இது. இதனால் பழச்செய்கையாளருக்கு வரும் நட்டம் என்ன, அந்த நட்டத்தை யார் சுமக்கிறார்கள், யார் சுமக்க வேண்டும் என்பதையே இக்கட்டுரையில் பார்க்கிறோம். நாம் சொல்ல வருவது ஒன்றுதான்: நோய் கண்ட வாழையை ஒரு குடும்பம் பிடுங்கும்போது ஊர் முழுவதும் பயன் பெறுகிறது, ஆகையால் அந்தக் குடும்பத்தின் நட்டத்தையும் ஊர் முழுவதும் பகிர வேண்டும்.

நோயை அறிந்துகொள்ளல்

முடிக்கொத்து நோய் ஒரு வைரசினால் வருகிறது. நோய் கண்ட வாழையில் புதிதாக விரியும் ஒவ்வொரு இலையும் முன்னையதைவிடக் குட்டையாகவும் ஒடுக்கமாகவும் இருக்கும். இலைகள் பரந்து சாயாமல் செங்குத்தாக நிற்கும். ஓரங்கள் மஞ்சளாகும். கையில் பிடித்தால் மொறுமொறுவென முறியும். நாளடைவில் இலைகளெல்லாம் முடியில் ஒரு கொத்தாக நெருங்கிவிடும். பெயர் வந்தது இதனால்தான்.

ஆனால் முடி கொத்தாகும்வரை காத்திருந்தால் காலம் கடந்துவிடும். முதல் அடையாளம் வேறு. இலைக்காம்பிலும், இலையின் அடிப்பக்க நடுநரம்பை ஒட்டியும் கரும்பச்சை நிறத்தில் புள்ளிகளும் சிறு கோடுகளும் தோன்றும். தந்திக் குறிகள் போல, ஒரு புள்ளி, ஒரு கோடு, மீண்டும் புள்ளி என்று இருக்கும். இலையை வெயிலுக்கு எதிரே பிடித்து அடிப்பக்கத்தைப் பார்த்தால் நன்றாகத் தெரியும். வீட்டில் உள்ள பிள்ளைகளுக்கு இதை ஒருமுறை காட்டிக்கொடுத்தால் போதும். அவர்கள் கண் நம் கண்ணைவிடக் கூர்மையானது.

இளமையில் நோய் பிடித்த வாழை குலையே தள்ளாது. வளர்ந்தபின் பிடித்தால் சிறுத்து முறுகிய குலை வரும். அடியில் வரும் குட்டிகள் அனைத்துக்கும் நோய் பரவும். இதற்கு மருந்து கிடையாது. நோய் பிடித்த வாழையை எந்த உரமும் எந்தத் தெளிப்பும் சுகப்படுத்தா. பழத்தை உண்ணும் மனிதருக்கோ, தண்டைத் தின்னும் மாட்டுக்கோ இந்த வைரசினால் தீங்கு ஒன்றும் இல்லை என்பதையும் சொல்லி வைக்கிறோம்.

பரவும் வழிகள் இரண்டு. முதலாவது, வாழை அழுக்கணவன். தமிழகத்தில் இதை அசுவினி என்பார்கள். கபிலமும் கறுப்புமான சிறு பூச்சி. மட்டையின் உட்புறத்திலும் குருத்தின் அடியிலும் குட்டிகளின் கழுத்திலும் கூட்டமாக ஒட்டியிருக்கும். அதன் இனிப்பான கழிவைத் தேடி எறும்புகள் வரும். ஆகவே வாழைமட்டையில் எறும்பு ஊர்வதைக் கண்டால் மட்டையை விலக்கிப் பார்ப்பது நல்லது. நோயுள்ள வாழையில் சில மணி நேரம் சாறு உறிஞ்சிய அழுக்கணவன், பல நாட்கள்வரை அந்த வைரசைச் சுமந்து அடுத்த வாழைக்குக் கொடுக்கும். இரண்டாவது வழி, குட்டி. அழுக்கணவன் நோயை வேலிக்கு அப்பால் கொண்டுபோகும். மாவட்டம் விட்டு மாவட்டமும், கடல் கடந்தும் கொண்டுபோவது மனிதர் கையிலுள்ள குட்டிதான்.

வரலாறும் அதையே காட்டுகிறது. இந்நோய் முதலில் பதிவானது 1889ஆம் ஆண்டு, பிஜித் தீவில். 1913ஆம் ஆண்டு இலங்கையிலும் அவுஸ்திரேலியாவிலும் காணப்பட்டது. 1940ஆம் ஆண்டளவில் இலங்கையிலிருந்து கேரளத்துக்குச் சென்றதென்று ஆய்வாளர் கருதுகின்றனர். பின்னர் இந்தியாவின் மற்றப் பகுதிகளுக்கும் பரவியது. கடலைத் தாண்டிய இந்தப் பயணங்களுக்கு அழுக்கணவனின் சிறகு போதாது. யாரோ ஒருவர் நல்ல இன வாழையென்று ஆசையோடு கொண்டுபோன குட்டியே அதற்குக் காரணமாக இருந்திருக்க வேண்டும். 

பழனி மலையில் நடந்தது

தமிழகத்தின் திண்டுக்கல் மாவட்டத்தில் கீழ்ப்பழனி மலைச் சரிவுகளிலும் சிறுமலையிலும் தலைமுறை தலைமுறையாக மலைவாழை செய்யப்பட்டு வந்தது. அங்குள்ள விருப்பாட்சி வாழையும் சிறுமலை வாழையும் மணத்துக்கும் நாட்பட வைத்திருக்கக்கூடிய தன்மைக்கும் பேர்போனவை. பழனிப் பஞ்சாமிர்தத்துக்கு அந்தப் பழமே உகந்ததென்று தேடி வாங்குவார்கள். மழையை நம்பிய செய்கை. கோப்பிச் செடிகளுக்கு இடையில் நிழலாகவும் வாழை நின்றது. ஒருமுறை நட்டால் பல ஆண்டுகள் குட்டியிலிருந்து குட்டியாகத் தொடரும். சமவெளிப் பழத்தைவிடக் கூடிய விலையும் கிடைத்தது.

1970களில் அங்கே ஏறக்குறைய 18,000 ஹெக்டேயரில் மலைவாழை நின்றது. முடிக்கொத்து நோய் புகுந்தபின் அது 2,000 ஹெக்டேயர் அளவுக்குச் சுருங்கியது. ஒன்பது பங்கில் எட்டுப் பங்கு போய், ஒரு பங்கே எஞ்சியது என்று கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

இவ்வளவு பெரிய அழிவு ஒரு புயலில் வந்ததல்ல. வாழையடி வாழையாக வந்தது. நம் பெரியவர்கள் மணமக்களை வாழ்த்தும் அதே சொல்தான்; நோயும் அதே வழியில் தாயிலிருந்து குட்டிக்கு, குட்டியிலிருந்து அதன் குட்டிக்குச் சென்றது. மலைத் தோட்டக்காரர் தம் தோட்டத்துக் குட்டியையே எடுத்து நடுவார்கள், அயலவருக்கும் கொடுப்பார்கள். ஒரு தோட்டத்தில் நோய் வாழை பிடுங்கப்படாமல் நின்றால், பக்கத்துத் தோட்டத்தில் எத்தனை முறை புதிதாக நட்டாலும் பயனில்லை. நட்டவர் மீண்டும் மீண்டும் நட்டப்பட்டு, ஈற்றில் வாழையையே கைவிட்டு வேறு பயிருக்கு மாறினார்.

அதன் பின்னர் மீட்பு முயற்சிகள் நடந்தன. 1993ஆம் ஆண்டு திருச்சிராப்பள்ளியில் தொடங்கப்பட்ட தேசிய வாழை ஆராய்ச்சி மையமும், தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் வைரசு இல்லையென்று பரிசோதித்த தாய்வாழையிலிருந்து இழைய வளர்ப்பு முறையில் கன்றுகளை உண்டாக்கி மலைக்குக் கொடுத்தன. 2008ஆம் ஆண்டு விருப்பாட்சி, சிறுமலை வாழைகளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. தூய கன்றும் ஒழுங்கான கண்காணிப்பும் சேர்ந்தால் இழந்ததை மீட்க வழி உண்டு என்பதற்கு இது சான்று. ஆனால் தோட்டக்காரருக்கு இடையில் போன ஆண்டுகளின் வருமானத்தை எந்தக் கன்றும் திருப்பித் தராது.

ஒரு வாழையின் கணக்கு

இனி நம் வளவுக் கணக்கைப் பார்ப்போம். உதாரணமாக ஒரு குடும்பத்திடம் கால் ஏக்கர் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். எட்டடிக்கு எட்டடி இடைவெளியில் நட்டால் சுமார் 170 வாழை நிற்கும். மூன்றாம் மாதத்தில் அவற்றில் ஒன்றுக்கு நோய் தெரிகிறது.

ஒரு வாழை தானே என்று தோன்றும். ஆனால் நட்டம் அந்த ஒரு குலையோடு நிற்பதில்லை. அந்த அடியிலிருந்து இரண்டாம் ஆண்டும் மூன்றாம் ஆண்டும் வரவிருந்த குலைகளும் சேர்ந்து போகின்றன. குட்டி விற்றுக் கிடைக்கும் காசும் போகிறது. குழி வெட்டிய கூலி, எரு, நீர் இறைத்த மண்ணெண்ணெய் எல்லாம் ஏற்கெனவே செலவாகிவிட்டன. மூன்றாம் மாதம் என்பது, செலவில் பெரும்பகுதி முடிந்தும் வரவில் ஒரு சதமும் காணாத காலம். அந்தச் செலவு கடனாக வாங்கியதென்றால் வட்டி வேறு ஓடிக்கொண்டிருக்கும். நோய் வாழைக்கு வரும், தவணைக்கு வராது.

அயலைப் பாருங்கள். அவுஸ்திரேலியாவில் நடந்த ஆய்வுகளில், அழுக்கணவன் மூலம் நோய் ஒரு வாழையிலிருந்து இன்னொரு வாழைக்குப் பாயும் சராசரித் தூரம் 15 தொடக்கம் 17 மீற்றர் என்று கண்டார்கள். 15 மீற்றர் என்றால் ஏறக்குறைய 50 அடி. நோய் வாழையை நடுவில் வைத்து 50 அடிக் கயிற்றால் ஒரு வட்டம் போட்டால், எட்டடி இடைவெளியில் அந்த வட்டத்துக்குள் 120 வாழைக்கு மேல் நிற்கும். கால் ஏக்கர்க்காரருக்கு அது தோட்டத்தில் பெரும்பகுதி. வாழை நிற்பது வேலியோரமானால் வட்டத்தின் பாதி அயலவர் காணியில் விழும். அது சராசரிதான், சில அழுக்கணவன்கள் அதற்கும் அப்பால் போகும்.

இவ்வளவு தெரிந்தும் குடும்பங்கள் ஏன் பிடுங்குவதில்லை? அறியாமை என்று சொல்லிவிடுவது எளிது. நாம் அப்படிச் சொல்லமாட்டோம். குலை தள்ளும் பருவத்தில் நோய் பிடித்த வாழையில் சிறிய குலையொன்றாவது கிடைக்கும். வீட்டில் அரிசிக்குக் காசில்லாத தாய் அந்தச் சிறு குலைக்காக இரண்டு மாதம் பொறுத்திருக்கிறாள். அவள் கணக்கு அவளளவில் சரியானது. இன்று பிடுங்கினால் நட்டம் அவளுக்கு மட்டும். விட்டுவைத்தால் அவளுக்கு ஒரு குலை, நட்டம் எல்லாருக்கும். அந்த இரண்டு மாதத்தில் அழுக்கணவன் ஊருக்குள் பரவுகிறது. புத்திமதி சொல்வதால் இந்தக் கணக்கு மாறாது. கணக்கை மாற்ற வேண்டுமென்றால் பிடுங்குவதால் வரும் நட்டத்தை அவள் தனியே சுமக்காதபடி செய்ய வேண்டும்.

இடம் மாற முடிந்தவர்கள்

மரநோய் வரும்போது எல்லாரும் ஒரே அளவில் விழுவதில்லை. முதல் உள்ளவன் தப்பிக்கொள்வான். மத்திய அமெரிக்காவில் ஏற்றுமதிக்காகப் பயிரிட்ட வாழையை, மண்ணில் வாழும் ஒருவகைப் பூஞ்சணத்தால் வரும் வாடல் நோய் இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தாக்கியது. பனாமா நோய் என்று அதைச் சொல்வார்கள். அங்கே நின்ற இனம், சிங்களத்தில் ஆனமாலு என்று வழங்கும் இனமே. மண்ணில் புகுந்த பூஞ்சணம் பல பத்தாண்டுகள் உயிரோடு கிடக்கும். யுனைட்டட் புரூட் போன்ற பெருங் கம்பனிகள் என்ன செய்தன? நோய்பட்ட நிலத்தைக் கைவிட்டுப் புதுக் காடு வெட்டின. அதுவும் போதாமற்போகவே, 1960களில் நோயைத் தாங்கும் கவண்டிஷ் இனத்துக்கு மாறின. கம்பனி பிழைத்தது. கைவிடப்பட்ட நிலத்தைச் சுற்றி வாழ்ந்த தொழிலாளரும் சிறு செய்கையாளரும் பிழைத்தார்களா என்பது வேறு கேள்வி.

நம் நாட்டிலும் இதற்கு முன்கதை உண்டு. 1869ஆம் ஆண்டு இலங்கையில் கோப்பி இலைத் துரு நோய் காணப்பட்டது. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பிச் செய்கை வீழ்ந்தது. வெள்ளைக்காரத் தோட்டத்துரைமாரில் பலர் முறிந்துபோனாலும், தோட்டங்கள் தேயிலைக்கு மாறி நிலைபெற்றன. மலைநாட்டில் வீட்டுத்தோட்டமாகக் கோப்பி செய்த சிறு விவசாயிக்குத் தேயிலைத் தொழிற்சாலை வைக்க முதல் இருக்கவில்லை.

நிலத்தை மாற்றிக்கொள்வது ஒரு வழி. பயிரை மாற்றிக்கொள்வது இன்னொரு வழி. இரண்டுக்கும் முதல் வேண்டும். எம் மக்கள் நிலம் மாறி மாறியே தேய்ந்தவர்கள். இன்னுமொருமுறை நிலம் மாறச் சொல்வதற்கு யாருக்கும் மனம் வராது. ஆகவே இருக்கும் நிலத்தில், இருக்கும் அயலவரோடு நோயைத் தடுப்பதைத் தவிர நமக்கு வேறு வழி இல்லை.

அவுஸ்திரேலியா எப்படி மீண்டது?

அதற்கு ஒரு நல்ல முன்மாதிரி உண்டு. 1913ஆம் ஆண்டில் முடிக்கொத்து நோய் புகுந்த அவுஸ்திரேலியாவில், 1920களின் நடுப்பகுதிக்குள் நியூ சவுத் வேல்ஸின் வடபகுதியிலும் அதை ஒட்டிய குவீன்ஸ்லாந்திலும் வாழைச்செய்கை அடியோடு சாய்ந்தது. மோசமாகத் தாக்கப்பட்ட பகுதிகளில் 1925ஆம் ஆண்டளவில் வாழை நிலத்தில் பத்தில் ஒன்பது பங்கு செய்கையற்றுப்போனது. காரணமும் தெரியவில்லை. மண்ணில் குறையென்றார்கள் சிலர்; கிழங்கில் பூச்சியென்றார்கள் வேறு சிலர்.

சார்ல்ஸ் மேகி என்ற இளம் ஆய்வாளர், அழுக்கணவனே இந்நோயைப் பரப்புகிறது என்றும் இது வைரசு நோய் என்றும் நிறுவினார். 1927ஆம் ஆண்டு அவரது ஆய்வு வெளிவந்தது. அவர் காட்டிய மருந்து மிக எளியது: நோய் வாழையைக் குட்டிகளோடும் கிழங்கோடும் அழிக்க வேண்டும், நோயில்லாத இடத்துக் குட்டியை மட்டும் நட வேண்டும். கடினம் எதில் இருந்ததென்றால், இதை எல்லாரும் ஒரே நேரத்தில் செய்ய வேண்டும் என்பதில். ஆகவே அரசு சட்டம் செய்தது. தோட்டங்கள் பதிவு செய்யப்பட்டன. அனுமதியின்றிக் குட்டி கொண்டுபோவதும் நடுவதும் தடுக்கப்பட்டன. பரிசோதகர்கள் தோட்டம் தோட்டமாக நடந்து பார்த்தார்கள். 1930களில் செய்கை மீண்டும் தலைதூக்கியது. நூறாண்டுக்குப் பின்னும் அங்கே நோய் முற்றாக ஒழியவில்லை, கண்காணிப்பும் நிற்கவில்லை. ஆனால் வாழை நிற்கிறது.

ஒரே நோய், ஒரே மருந்து. பழனி மலையில் செய்கை சுருங்கியது; அவுஸ்திரேலியாவில் மீண்டது. தனித்தனியாகச் செய்தார்களா, சேர்ந்து செய்தார்களா என்பதே பெரிய வேறுபாடு.

எம் நாட்டிலும் அரசு இதை உணராமல் இல்லை. 1999ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கத் தாவரப் பாதுகாப்புச் சட்டம், அனுமதியின்றி வெளிநாட்டிலிருந்து தாவரம் கொண்டுவருவதைத் தடுக்கிறது. தெற்கில் வெலிகாமத் தென்னை வாடல் நோய் 2006ஆம் ஆண்டளவில் கண்டறியப்பட்டபின், காலி, மாத்தறை, அம்பாந்தோட்டை மாவட்டங்களிலிருந்து தென்னங்கன்று வெளியே கொண்டுபோவது தடைசெய்யப்பட்டது. நோய் மரங்கள் வெட்டப்பட்டன. ஆனால் ஒவ்வொரு வளவின் வாழைக்கும் அரசின் கை எட்டும்வரை நாம் காத்திருக்க முடியாது.

ஊராகச் செய்யக்கூடியவை

கமக்காரர் அமைப்பும் மாதர் சங்கமும் இயங்கும் எந்தக் கிராமத்திலும் கீழ்வருவனவற்றைத் தொடங்கலாம். பெருந்தொகைப் பணம் தேவையில்லை. 

முதலாவது, ஊருக்கு ஒரு தாய்த்தோட்டம். மற்ற வாழைகளிலிருந்து விலகிய ஓரிடத்தில், நல்ல தாயிலிருந்து எடுத்த குட்டிகளை நட்டு வளர்ப்பது. நோய் புகுந்த வாழையில் அடையாளம் தெரிய ஒரு மாதத்துக்கு மேல் செல்லலாம். ஆகவே வெளியிலிருந்து வரும் குட்டியை உடனே வீடுகளுக்குப் பங்கிடாமல் அங்கே மூன்று மாதம் வைத்துப் பார்ப்பது பாதுகாப்பானது. உதவியாகக் குட்டி தரும் நிறுவனங்களிடம் எத்தனை குட்டி என்று கேட்பதற்கு முன் எந்தத் தோட்டத்துக் குட்டி என்று கேளுங்கள். இழைய வளர்ப்புக் கன்று என்று சொன்னால், தாய்வாழை வைரசுப் பரிசோதனை செய்யப்பட்டதா என்றும் கேளுங்கள். நோயுள்ள தாயிலிருந்து எடுத்தால் போத்தலில் வளர்த்த கன்றும் நோயோடுதான் வரும். இலவசமாகத் தருகிறார்கள் என்பதற்காகக் கேட்காமல் இருக்க வேண்டியதில்லை. கேட்பது உங்கள் உரிமை.

இரண்டாவது, கண்காணிப்பு. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை இருவர் வீடு வீடாகச் சென்று வாழைகளைப் பார்க்க வேண்டும். முறை வைத்து எல்லாக் குடும்பமும் இதில் பங்கெடுத்தால் யாரும் யாரையும் வேவு பார்ப்பதாக மனத்தாங்கல் வராது. சந்தேகம் வந்தால் விவசாயப் போதனாசிரியருக்கு அறிவிக்கலாம்.

மூன்றாவது, பிடுங்கும் முறை. அவசரப்பட்டு வெட்டினால் அழுக்கணவன் கலைந்து அயல் வாழைக்குப் போகும். முதலில் சவர்க்கார நீரையோ, போதனாசிரியர் சொல்லும் மருந்தையோ குருத்திலும் மட்டை இடுக்கிலும் குட்டிகளிலும் நன்றாகத் தெளித்து அழுக்கணவனைக் கொல்ல வேண்டும். பிறகு தாய், குட்டி, கிழங்கு எல்லாவற்றையும் அடியோடு தோண்டித் துண்டு துண்டாக வெட்டிக் காயவிட வேண்டும். கிழங்கில் ஒரு துண்டு மண்ணில் தங்கினாலும் நோய்க்குட்டி முளைக்கும். இது தனி ஒருவருக்குப் பெரும் பாடு. விதவைத் தாய்மாரும் முதியோரும் செய்யக்கூடியதல்ல. சிரமதானமாகச் செய்தால் ஒரு காலைப்பொழுது வேலை.

நான்காவது, எல்லாவற்றிலும் முக்கியமானது, பொது நிதி. இதை ஒரு கணக்காகவே சொல்கிறோம். ஒரு கிராமத்தில் 20 குடும்பங்கள், தலைக்கு 100 வாழை வைத்திருப்பதாகக் கொள்வோம். மொத்தம் 2,000 வாழை. ஒவ்வொரு குடும்பமும் ஆண்டில் ஒரேயொரு குலையின் விலையைப் பொது நிதிக்குக் கொடுத்தால், நிதியில் 20 குலையின் பணம் சேரும். பிடுங்கப்படும் ஒவ்வொரு வாழைக்கும் அரைக் குலையின் விலையைக் கொடுத்தாலும் 40 வாழைக்கு ஈடு செய்யலாம். அதோடு தாய்த்தோட்டத்திலிருந்து ஒரு தூய குட்டியும் கொடுக்கலாம். நூறு குலையில் ஒன்றைக் கொடுத்து மிகுதித் தொண்ணூற்றொன்பதைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி இது. எமது மரண உதவிச் சங்கங்கள் இதே முறையில்தான் நடக்கின்றன. சாவுக்குச் செய்வதை வாழ்வுக்கும் செய்வோமே!

இந்த நிதிக்கு ஒரு விதி அவசியம். தானாக முன்வந்து நோயை அறிவிப்பவருக்கு முழு ஈடு உண்டு. மறைத்து வைத்துப் பிறர் கண்டுபிடித்தால் ஈடு இல்லை. அறிவித்தவரை ஊருக்கு நோய் கொண்டுவந்தவரென்று பழிக்கலாகாது. குட்டி கொடுத்தவரையும் அப்படியே. நோய் தெரியாத குட்டியைக் கொடுத்தவர் குற்றவாளி அல்லர்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். எம் மக்களில் காணி உறுதி இல்லாதவர்கள் பலர். பிறர் காணியில் இருந்துகொண்டு, குத்தகைக்கோ வாய்ச்சொல்லுக்கோ வாழை வைத்தவர்களும் உண்டு. நிவாரணமோ இழப்பீடோ வரும்போது உறுதிப் பத்திரம் கேட்கப்படும்; இவர்கள் வரிசைக்கு வெளியே நிற்பார்கள். ஊர் நிதி காணி யாருடையது என்று கேட்கக்கூடாது. வாழை யார் வைத்தது என்று மட்டும் கேட்க வேண்டும். உறுதியில்லாத குடும்பம் விட்டுவிடப்பட்டால் அந்தக் குடும்பத்தின் நோய் வாழை நிற்கும். அழுக்கணவன் உறுதி பார்த்துப் பறப்பதில்லை.

கடன் கொடுத்த சங்கங்களும் நிறுவனங்களும் இதில் பங்கு பெற வேண்டும். வாழைக்கென்று கடன் வாங்கிய குடும்பம் ஊர் நன்மைக்காக வாழையைப் பிடுங்கினால், மறு குலை வரும்வரை தவணையைத் தள்ளிவைப்பது நியாயம். கிராமம் முழுவதும் நோய் பரவினால் அவர்களின் கடன் எதுவும் திரும்பாது என்பதை எடுத்துச் சொன்னால் அவர்களுக்கும் விளங்கும்.

கடைசியாக, வாழையை மட்டும் நம்பியிருக்க வேண்டாம். முருங்கை, மரவள்ளி, பப்பாசி, தேசி என்று வளவில் கலந்து வையுங்கள். எந்தப் பயிரும் நோய்க்குத் தப்பியதல்ல. 2008ஆம் ஆண்டு இலங்கைக்குள் புகுந்த வெண்மூட்டுப்பூச்சி பப்பாசியைப் பெரிதும் தாக்கியது. அடுத்த ஆண்டு அதை உண்டு வாழும் சிறு குளவியினத்தை வெளிநாட்டிலிருந்து கொண்டுவந்து விட்டபின்னரே அடங்கியது. எல்லாப் பயிரும் ஒரே ஆண்டில் விழுவது அரிது என்பதே கலப்புப் பயிரின் காவல்.

குட்டி வாங்கும்போது கவனிக்க

தாய்வாழையைப் பார்க்காமல் குட்டி வாங்காதீர்கள். தாயில் குலை எப்படி வந்திருக்கிறது, புது இலைகள் முன்னைய இலைகளைப்போல நீண்டிருக்கின்றனவா என்று பாருங்கள். இலைக்காம்பிலும் நடுநரம்பிலும் கரும்பச்சைப் புள்ளி, கோடு உண்டா என்று தேடுங்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு வாழைக்கு நோய் இருந்தாலும் நல்ல வாழையின் குட்டியையும் எடுக்காதீர்கள். மட்டையை விலக்கி அழுக்கணவன் இருந்தால் கழுவித் துடையுங்கள். தமிழகத்திலிருந்து திரும்பி வருகிறவர்கள் எவ்வளவு நல்ல இனமானாலும் குட்டியோ கிழங்கோ கொண்டுவர வேண்டாம்; அது சட்டத்துக்கும் மாறானது, ஊருக்கும் ஆபத்தானது. அங்குள்ள உறவினருக்கு இங்கிருந்து அனுப்பவும் வேண்டாம்.

அன்புள்ள குடும்பங்களே, நாம் இழந்தவற்றில் பெரும்பாலானவை நம் கையில் இருக்கவில்லை. குண்டு விழுவதை நாம் தடுத்திருக்க முடியாது. ஓடு என்றபோது ஓடாமல் நின்றிருக்க முடியாது. இந்த நட்டம் அப்படிப்பட்டதல்ல. இலையைத் திருப்பிப் பார்க்கும் கண்ணும், அயலவரின் நட்டத்தில் ஒரு குலையின் பங்கை ஏற்கும் மனமும் இருந்தால் இதை ஊர் எல்லையிலேயே நிறுத்தலாம். மாரி மழைக்குப் புதுக்குட்டி வைப்பதற்கு முன்னர், உங்கள் சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு விடயமாக எடுத்துப் பேசுங்கள். பொது நிதிக்கு முதற் குலையின் பணத்தை யார் தருகிறார்கள் என்று அன்றைக்கே கேட்டு, பெயர்களை எழுதிக்கொள்ளுங்கள்.